‘நாளை’யை விழுங்கிய பெட்டி: இரண்டு வருட அனுபவம்

கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் வாய்க்கால் ஓரக் கடை ஒன்றின் தாழ்வாரத்தில் நான் பூட்டிக் கொடுத்த அறிவிப்புப் பெட்டிக்கு இந்தச் சிறுபோகத்தோடு இரண்டு வயது. உள்ளே றாஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி ஒன்று, மக்ஸ் 98357ஏ சிப் உள்ள சின்ன அம்பிளிபயர் போர்ட். வெளியே ஒரு கூம்பு ஸ்பீக்கர். கரண்ட் சோலாரில் இருந்து. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் மட்டாக இருந்தால் முறை வைத்துத்தான் வாய்க்காலுக்கு விடுவார்கள். எந்தப் பக்கத்துக்கு எப்போது முறை என்று கமக்காரர் அமைப்பில் இருந்து போனில் பேசி அனுப்புவதைப் பெட்டி ஒலிபரப்பும்.

5 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு 3.2 வாட் தரும் போர்ட் இது. கோயில் திருவிழாவுக்குக் காணாது, வாய்க்கால் சந்திக்குத் தாராளம். வெயில், புழுதி, பல்லி முட்டை எல்லாவற்றையும் தாங்கிவிட்டது. மெமரி கார்ட் ஒருமுறை செத்தது, மாற்றினேன்.

என்னைப் படுத்தியது வேறொன்று. முதல் போகத்தில் ஒரு ஐயா சைக்கிளில் வந்து நின்றார்.

“தம்பி, நாலு மணிக்குத் தண்ணி எண்டு உந்தப் பெட்டி சொல்லிச்சுது. மண்வெட்டியோட போய் நிண்டன். ஒரு சொட்டும் வரேல்லை.”

பதிவைப் போட்டுக் கேட்டேன். “நாளை பின்னேரம் நாலு மணிக்கு” என்று தெளிவாகவே இருந்தது. பெட்டியில் கேட்டால் “பின்னேரம் நாலு மணிக்கு”. தமிழில் நாள் முன்னுக்கு வந்துவிடுகிறது, வெட்டுப்பட்டதும் அதுதான்.

குற்றம் என்னுடையதே. அம்பிளிபயர் சிப்புக்கு எஸ்டி மோட் என்று ஒரு கால் (பின்) உண்டு. அதில் வோல்ட்டை உயர்த்தினால் அம்பிளிபயர் விழிக்கும், தாழ்த்தினால் தூங்கும்; அறிவிப்பு முடிந்ததும் தூங்கி, அடுத்ததற்கு விழிக்கும். கணினியில் இருந்து சிப்புக்கு ஒலி வரும் ஐ2எஸ் இணைப்பின் கடிகாரச் சைகை நிலைக்கு வருமுன் விழித்தால் ஸ்பீக்கர் ‘டப்’ என்று அடிக்கும். அதைத் தடுக்க, சிப்பை இயக்கும் லினக்ஸ் டிரைவரில் ‘எஸ்டிமோட் டிலே’ என்று ஓர் அமைப்பு: எவ்வளவு பொறுத்து அந்தக் காலை உயர்த்துவது என்று மில்லிசெக்கன் கணக்கில் சொல்லும். கடைக்கார அக்கா ‘டப்’ சத்தத்தில் திடுக்கிடுகிறா என்று டிவைஸ் ட்ரீ என்ற வன்பொருள் அமைப்புக் கோப்பில் நான் 500 போட்டிருந்தேன். சத்தம் போய்விட்டது, எனக்குப் பெருமை. ஆனால் அந்த அரைச் செக்கனிலும் குரல் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அம்பிளிபயர் மட்டும் வாய் மூடியிருக்கும்.

500ஐ 5 ஆக்கினேன். ‘நாளை’ வந்தது, கூடவே ‘டப்’பும் வந்தது. அப்புறம் ஒவ்வொரு பதிவின் முன்னாலும் ஒரு செக்கன் மௌனம் ஒட்டிப் பார்த்தேன். வேலை செய்தது, ஆனால் மைக்கில் நேரே பேசும் நாளில் அது உதவாது. பேசுகிறவரிடம் “கொஞ்சம் பொறுத்துப் பேசுங்கோ” என்று எத்தனை தரம் சொல்வது?

கடைசியில் அம்பிளிபயரைத் தூங்கவே விடாமல் வைத்தேன். பெட்டி பூட் ஆனதும் லினக்ஸின் ஒலி வாசிக்கும் கட்டளையான ஏபிளே பூச்சியத்தை மட்டும் வாசித்துக்கொண்டே இருக்கும், அதாவது ஓயாத மௌனம். பல ஒலிகளைக் கலந்துவிடும் டிமிக்ஸ் வழியாகப் போவதால் அறிவிப்பு அதன்மேல் கலந்து வரும். கடிகாரம் நிற்பதில்லை, கால் தாழ்வதில்லை. ‘டப்’பும் இல்லை, வெட்டும் இல்லை. இது ஒட்டுப்போட்ட வேலை என்று டிரைவர் எழுதுகிறவர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும், இப்படியே ஒன்றரை வருடமாக ஓடுகிறது.

பற்றரிக் கணக்கும் பார்த்தேன். சும்மா இருக்கும்போது இந்தச் சிப் இழுப்பது 2.4 மில்லியம்பியர் அளவு. றாஸ்பெரி பை மட்டும் சில நூறு மில்லியம்பியர் குடிக்கிறது. அதற்குப் பக்கத்தில் இதை மிச்சம் பிடிக்க அம்பிளிபயரைத் தூங்கவிட்டா ஒரு மனிதரை மண்வெட்டியோடு அலைய விட்டேன்?

மாரியில் இரண்டு மூன்று நாள் வெயில் இல்லாவிட்டால் இரவில் பெட்டியை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். விடியப் போடும்போது ஒரேயொரு ‘டப்’ வரும். இப்போதெல்லாம் அக்கா அதற்குத் திடுக்கிடுவதில்லை, அதைக் கேட்டதும் தேத்தண்ணிக் கேத்திலை அடுப்பில் வைக்கிறா.