செந்தூல் வீட்டில் எட்டு வருடம்: நின்ற சாமான்களும் ஊறிப்போனவையும்

கோலாலம்பூர் செந்தூலில் இந்த அடுக்குமாடி வீட்டுக்கு நாங்கள் குடிவந்தது 2016-இல். 850 சதுர அடி, மூன்று அறை. நான், கணவர், அத்தை, இரண்டு பிள்ளைகள். என் தங்கை இப்போது ரவாங்கில் வீடு வாங்கியிருக்கிறாள். எந்த அலமாரி, எந்தக் கட்டில் என்று தினமும் ஒரு படம் அனுப்பிக் கேட்கிறாள். அவளுக்குச் சொன்னதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். புதுவீடு போகிற மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில் போனது சமையலறைக் கேபினெட்தான். பார்க்க அழகாக, தேக்கு நிறத்தில் கட்டிக் கொடுத்தார்கள். உள்ளே இருந்தது சிப்போர்டு, அதாவது மரச்சில்லுகளைப் பசை போட்டு அழுத்திய பலகை. மேலே மெலமைன் ஒட்டியிருக்கும்வரை அதற்கு ஆபத்தில்லை. விளிம்பில் ஒட்டிய பட்டை கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். இரண்டாம் வருடம் தீபாவளிக்குச் சுத்தம் செய்யும்போது சிங்க்குக்கு அடியில் குனிந்து பார்த்தேன். தரையை ஒட்டிய பலகை விரல் தடிப்புக்கு உப்பியிருந்தது. நகத்தால் கீறினால் தேநீரில் ஊறின பிஸ்கெட் மாதிரி உதிர்ந்தது. சிப்போர்டு ஒருமுறை உப்பினால் காய்ந்த பிறகும் பழைய தடிப்புக்குத் திரும்பாது. ஸ்க்ரூ பிடிமானம் போய், அடுத்த சில மாதங்களில் இரண்டு கதவுகள் தொங்கிவிட்டன.

கட்டிக் கொடுத்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வீட்டை ஏன் இவ்வளவு தண்ணீர் விட்டுத் துடைக்கிறீர்கள்?" என்று கேட்டார். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. வெள்ளிக்கிழமை தண்ணீர் விட்டுத் துடைக்காத வீடு எது? நாம் எப்படிப் புழங்குகிறோமோ அதற்குத் தகுந்த சாமானைத்தான் கட்டித் தர வேண்டும்.

2019-இல் அதைப் பிடுங்கிவிட்டு அலுமினியக் கேபினெட் போட்டோம். 7,200 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. ஐந்து வருடமாக ஒரு குறையும் இல்லை. ஊறாது, கரையான் ஏறாது, எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் ஒரு இழுப்பில் எடுத்துவிடலாம். ஆனால் பலகை உள்ளே வெற்றுக் கூடு. கதவைச் சாத்தினால் தகரச் சத்தம் வரும், அதிகப் பாரமும் தாங்காது. எங்கள் மாவு கிரைண்டரை நடுத்தட்டில் வைத்தேன், ஒரே மாதத்தில் தட்டு வளைந்துவிட்டது. இப்போது கிரைண்டர் டைல் ஒட்டிய கான்கிரீட் மேடை மேலேயே நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. இட்லிக்கு அரைக்கிற வீடு என்றால் அந்த மேடையை விட்டுவிடாதீர்கள். கீல்கள் துருப்பிடிக்காத எஃகுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது துணி அலமாரி. நான் அதிகம் கற்றுக்கொண்டது இதில்தான். கோலாலம்பூர்க் காற்றில் ஈரப்பதம் வருடம் முழுக்கச் சராசரியாக 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைத்திருந்தோம். ஒரு நவம்பர் மழைக்காலத்தில் என் கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்தால் மடிப்பில் சாம்பல் பூத்தது மாதிரி பூஞ்சை. அன்று 35 வெள்ளிக்கு ஒரு ஈரமானி வாங்கி அலமாரிக்குள் வைத்தேன். 82 காட்டியது. அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, முதுகுப் பலகையில் இரண்டு துளை போட்ட பிறகு அதே மழைக்காலத்திலேயே 74-க்கு இறங்கியது. செலவு ஒன்றுமில்லை. வீட்டில் நான் செய்த வேலைகளிலேயே பலன் தந்தது இதுதான் என்பேன்.

அப்புறம் கடைகளில் விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் இருக்கும் வெள்ளைக் குருணை கால்சியம் குளோரைடு. காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக் கீழே தண்ணீராகச் சேர்க்கும். வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒன்று கவிழ்ந்துவிட்டது. சிந்தின தண்ணீர் மூன்று வாரமாகியும் காயவே இல்லை. கரைந்திருக்கும் உப்பு மறுபடி மறுபடி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அடித்தட்டைப் பல தடவை ஈரத்துணியால் துடைத்துத்தான் அந்தப் பிசுபிசுப்பு போனது. டப்பா வைத்தால் ஒரு கிண்ணத்துக்குள் வையுங்கள், பட்டுக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். 2021-இல் ஈரம் நீக்கும் மின்கருவி வாங்கிவிட்டோம். மழைக்காலத்தில் ராத்திரி ஓடவிட்டால் காலையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் நிற்கும். பட்டுகளைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துப் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

சோபா விஷயத்தில் நீண்ட கதை இல்லை. தோல் போலத் தெரியும் பியூ (பாலியூரித்தேன் பூசிய துணி) சோபா நான்காம் வருடம் உரிய ஆரம்பித்தது. அந்தப் படலம் ஈரத்திலும் சூட்டிலும் சிதைந்துபோகும், எவ்வளவு துடைத்தாலும் நிற்காது. பிள்ளைகளின் முதுகெல்லாம் கறுப்புச் செதில். இப்போது உறை கழற்றித் துவைக்கிற துணி சோபாதான். கட்டிலும் அப்படியே. அடியில் பெட்டி வைத்த கட்டில் இடத்தை மிச்சம் பண்ணும் என்று வாங்கினோம், மெத்தைக்கு அடியில் காற்றே போகாமல் பூஞ்சை வந்தது. இடைவெளி விட்டு மரச்சட்டம் அடித்த கட்டிலுக்கு மாறிவிட்டோம்.

சாமி மேடைக்கு ஒரு சின்ன யோசனை. விளக்கு நிற்கும் இடத்தில் சமையலறையில் மிஞ்சின டைல் துண்டு ஒன்றைப் பதியுங்கள். எண்ணெய் மரத்தில் இறங்காது.

எட்டு வருடத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாத சாமான் சாப்பாட்டு மேசை. ரப்பர் மரம், ஆறு நாற்காலியோடு 1,350 வெள்ளி, ஜொகூர் மூவாரில் செய்தது. கிரீம் நிறப் பலகை. சின்னச் சின்னத் துண்டுகளை விரல் கோத்தது போல இணைத்திருப்பார்கள். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம் என்பதால் வண்டும் பூஞ்சையும் சீக்கிரம் ஏறும். அதனால் அறுத்த கையோடு போரான் மருந்து ஏற்றி உலர்த்துகிறார்கள். அப்படிச் செய்த மரமா என்று கடையில் கேளுங்கள். மேல்பூச்சு நன்றாக இருந்தால் சாம்பார் சிந்தினாலும் மஞ்சள் பிடிக்காது. எங்கள் மேசையில் சூடான குக்கர் வைத்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளை வட்டம் இருக்கிறது.

மேசை வந்த அன்று அத்தை அதன் அடிப்பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கோலசிலாங்கூர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர். "ஏம்மா, இது நம்ம பால் மரம் இல்ல?" என்றார். ஆமாம் அத்தை என்றேன். பால் குறைந்து, இருபத்தைந்து முப்பது வயதில் வெட்டுகிற மரங்கள்தான் இப்படிப் பலகையாகின்றன என்று சொன்னேன். "அப்பெல்லாம் வெட்டிப் போட்டா அடுப்புக்குத்தாம்மா எடுத்துட்டு வருவோம்" என்று சொல்லி, ஒரு நாற்காலியை இழுத்து அதில் உட்கார்ந்தார். இப்போதும் அந்த ஜன்னலோர நாற்காலி அவருடையதுதான். பிள்ளைகள் யாரும் அதில் உட்கார மாட்டார்கள்.