லைம்சர்வேயில் கோட்டா: சில ஆண்டுப் புழக்கத்துக்குப் பிறகு

தொலைபேசி நேர்காணல், இணையவழி சர்வே இரண்டுக்கும் சில ஆண்டுகளாக லைம்சர்வே என்ற சர்வே மென்பொருள்தான் எங்களுக்கு. ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து போன் போடும் அளவு வேலைக்கு அதன் கோட்டா வசதி, அதாவது ஒவ்வொரு பிரிவிலும் இத்தனை பேர்தான் என்று வரம்பு வைக்கும் வசதி, தாராளமாகப் போதும். ஆனால் அது எப்போது எண்ணுகிறது, எதை எண்ணுகிறது என்று தெரியாமல் களத்தில் இறங்கக் கூடாது.

தமிழ்நாட்டில் 400 பேரிடம் சர்வே எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பின்படி நகர்ப்புறம் 48.4 சதவீதம், ஆக நகரம் 194, கிராமம் 206. ஆயிரம் ஆண்களுக்கு 996 பெண்கள் என்பதால் ஆண், பெண் பாதிக்குப் பாதி. (2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் இன்னமும் அந்தப் பழைய எண்களோடுதான் மல்லுக்கட்டுகிறோம்.) கிராமப் பெண்கள் 103 என்று ஒரு கோட்டா போட்டு, அதில் 'கிராமம்', 'பெண்' இரண்டு பதில்களையும் சேர்த்தால், இரண்டும் பொருந்துபவர் மட்டுமே கணக்கில் வருவார். ஒரே கேள்வியின் இரண்டு பதில்களைச் சேர்த்தால் ஏதாவது ஒன்று பொருந்தினாலே போதும். புதிதாக வருபவர்கள் குழம்புவது இங்கேதான். ஆய்வுக்கே பொருந்தாதவர்களை வெளியே அனுப்ப, வரம்பைப் பூஜ்யமாக வைத்து ஒரு கோட்டா போட்டால் போதும்.

முழுமையாக முடித்துச் சமர்ப்பித்த பதில்களை மட்டுமே அது எண்ணும். 102 முடிந்து ஒரே ஓர் இடம் பாக்கி இருக்கும்போது மூன்று பேர் ஒரே நேரத்தில் மூன்று கிராமப் பெண்களிடம் பேசிக்கொண்டிருந்தால், மூன்றும் உள்ளே போய்விடும்; கணக்கு 105 ஆகும். அதனால் வரம்பைச் சற்றுக் குறைத்தே வைத்துவிட்டு, கடைசியில் ஒவ்வொன்றாக ஏற்றுவோம்.

கோட்டா நிரம்பிவிட்டதா என்று மென்பொருள் பார்ப்பது சர்வேயில் பக்கம் மாறும்போது. எல்லாக் கேள்விகளையும் ஒரே பக்கத்தில் வைத்தால், இருபது நிமிடம் பேசிய பிறகுதான் "கோட்டா ஃபுல்" என்று வரும். பேசியவருக்குக் கோபம், போன் போட்டவருக்கு வயிற்றெரிச்சல். ஊர், பாலினம், வயது மூன்றும் முதல் பக்கத்திலேயே வரட்டும். வயதை எண்ணாகக் கேட்காமல் பிரிவுகளாகக் கேளுங்கள். தேர்ந்தெடுக்கும் வகைக் கேள்விகளோடுதான் கோட்டாவை எளிதாக இணைக்க முடியும்.

கோட்டா நிரம்பியதும் பதிலை மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் ஒரு தேர்வும் உண்டு. அதைத் தொடவே தொடாதீர்கள். பரிசுக் கூப்பனுக்காக இணையத்தில் நிரப்புபவர் பின்னால் போய் வயதை மாற்றுவார். மாலைக்குள் எண்ணிக்கை காட்ட வேண்டிய நேர்காணல் செய்பவருக்கும் 29 வயதுக்காரரை 30 ஆக்கும் சபலம் வரத்தான் செய்யும்.

மென்பொருளால் தீர்க்க முடியாதது ஒன்று இருக்கிறது. கிராமத்து எண்ணுக்குப் பகலில் போட்டால் பெரும்பாலும் ஆண்கள்தான் எடுக்கிறார்கள். ஆண்கள் கோட்டா சீக்கிரமே நிரம்பிவிடும்; பெண்களுடையது இழுத்துக்கொண்டே போகும். "வீட்டுல அக்கா யாராவது இருக்காங்களாண்ணே?" என்று கேட்டு போன் கை மாறினால், புதிய பதிவாகத்தான் தொடங்க வேண்டும்.

இன்னொன்று: தரமில்லாத பதிலை அழித்தால் கோட்டாவில் அந்த இடம் தானாகவே திறந்துகொள்ளும். ஆகவே ஒலிப்பதிவுகளை அன்றன்றைக்கே கேட்டுக் கழிக்க வேண்டியதைக் கழித்துவிடுங்கள். வேலை முடிந்தது என்று போன் போடும் ஆட்களை அனுப்பிவிட்ட பிறகு இடம் திறந்தால் நிரப்ப யாரும் இருக்க மாட்டார்கள்.