ஓடாத வண்டி ஒன்றும் அதன் ரசீதுகளும்

காரைக்குடியில் பழைய கார் பார்க்கப் போனால் தரகர் முதலில் சொல்வது கிலோமீட்டர் கணக்கைத்தான். "2013 மாடல், நாற்பதாயிரம்தான் ஓடியிருக்கிறது, ஆச்சி வீட்டு வண்டி" என்பார். நம் பக்கத்தில் அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ கார் கொட்டகையில் நிற்கும். கல்யாணம், முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு என்று ஊருக்கு வரும்போதுதான் வெளியே எடுப்பார்கள். நான் வாங்கிய டீசல் செடானும் அந்த ரகம். எனக்குப் பலகாரத் தொழில். தேன்குழலும் சீப்புச் சீடையும் நொறுங்காமல் மதுரைக்கும் திருச்சிக்கும் போய்ச் சேர வேண்டும். டின்களை அடுக்க டிக்கி பெரிதாக வேண்டும் என்பதால்தான் செடான்.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பியட் வடிவமைத்த 1,248 சி.சி. மல்டிஜெட். மாருதி, டாடா வண்டிகளிலும் இதுவே ஓடியதால் இதில் கை வைக்காத மெக்கானிக் கிடையாது, உதிரி பாகத்துக்கும் அலைச்சல் இல்லை. எஞ்சின் வால்வுகளை இயக்க டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். காலையில் குளிர்ந்த எஞ்சினை முடுக்கும்போது செயின் கடகடக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். என் வண்டியில் அந்தச் சத்தம் இல்லை. நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் கீழே இழுவை மந்தம். அதற்கு மேல் போய்விட்டால் குறையே சொல்ல முடியாது.

டயரில்தான் பேரம் நடந்தது. "புதுசு மாதிரி இருக்கிறதே, ஆத்தா" என்றார் ஆச்சி. பட்டை தேயவே இல்லை, அதுவும் நிஜம். ஆனால் பக்கச் சுவரில் 1113 என்ற நான்கு இலக்கம் இருந்தது. 2013ஆம் வருடத்தின் பதினோராவது வாரம் தயாரித்தது என்று அதற்குப் பொருள். "இது வண்டியோடு வந்த டயர், ஆச்சி. ரப்பர் வெடித்திருக்கிறது பாருங்கள்" என்று விரல் வைத்துக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தவர், 2,85,000 கேட்டதில் 20,000 குறைத்தார். நான்கு டயருக்கு எனக்கு ஆன செலவு 23,500. பேரத்தில் ஆச்சிதான் ஜெயித்தார்.

செக்காலைப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். மெக்கானிக் அண்ணன் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்ததும் என்னைக் கூப்பிட்டார். உள்ளே எலிக்கூடு. தேங்காய் நார், பஞ்சு, அவற்றோடு மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையின் துணுக்குகள். மணமகன் பெயரில் பாதியைப் படிக்க முடிந்தது. அதே எலிகள் ஹெட்லைட்டுக்கும் ரேடியேட்டர் விசிறிக்கும் போகும் வயர்களைக் கொறித்திருந்தன. விசிறி ஓடாமல் நம் ஊர் வெயிலில் டிராஃபிக்கில் நின்றால் எஞ்சின் கொதித்து, அதன் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கட் வரை போய்விடும். வயரிங் வேலைக்கு 5,800. போகிற போக்கில் பேட்டரிக்கு 6,200.

டீசல் டேங்கை அவர் பார்த்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து, மதில் மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது பாட்டிலின் அடியில் தண்ணீர் தனியாகத் தங்கியிருந்தது. பாதி காலியாக நிற்கும் டேங்கில் காற்றின் ஈரம் வியர்த்து இறங்கும். அது எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போனால் ஒன்றுக்கே பத்தாயிரத்துக்கு மேல் ஆகும். டேங்க் சுத்தம் செய்து ஃபில்டர் மாற்ற 2,700தான் ஆனது.

சக்கரத்தை அழுத்தி நிறுத்தும் பிரேக் காலிப்பர் துருப்பிடித்து ஒரு பக்கம் பிடித்தபடியே இருந்தது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோனால் எது அனலடிக்கிறது என்று தெரிந்துவிடும். பழுது பார்க்க 4,900. கிளட்ச் செட் கூலியோடு 13,500. இது நின்றதால் வந்ததா, முன்பு ஓட்டிய டிரைவரின் காலால் வந்ததா என்று அண்ணனும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. முன் சக்கரங்களின் சஸ்பென்ஷனில் வரும் லோயர் ஆர்ம் புஷ்ஷும் லிங்க் ராடும் சேர்த்து 9,400. ஆத்தங்குடிப் பக்கம் கிராமச் சாலையில் போகும்போது முன்பக்கம் 'டொக் டொக்' என்றால் இவைதான். ஷாக் அப்சார்பரை மாற்றச் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். ஏசி கூலிங் காயில், கேஸ் எல்லாம் 8,600.

கூட்டினால் 74,600. தேவகோட்டையில் இதே மாடல், லட்சத்துக்கு மேல் ஓடியது, 2,20,000க்கு வந்தது. தினமும் ஓடிய வண்டி. கிளட்ச்சும் புஷ்ஷும் மட்டும்தான் கேட்டிருக்கும். அதை ஏன் விட்டேன் என்றால், முன்பக்கம் இடித்து பெயிண்ட் அடித்த அடையாளம் இருந்தது, ஆர்.சி. புத்தகத்தில் நான் நான்காவது பெயர். ஆச்சி வீட்டு வண்டியில் ஒரே பெயர். பானெட்டின் திருகுகளில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை, அதாவது இடித்துக் கழற்றியதில்லை. இப்படி இருந்தால் ஓடாத வண்டியை வாங்கலாம், ஆனால் குறைந்த கிலோமீட்டருக்கென்று கூடுதல் பணம் கொடுக்கக்கூடாது. எழுபதாயிரத்தைக் கழித்துவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள். எஞ்சின் ஆயிலையும் கூலண்டையும் பிரேக் ஆயிலையும், எப்போது மாற்றியது என்று எவர் சொன்னாலும், வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். என் வண்டிக்கு இன்னும் பாக்கி ஒன்றுதான்: டிக்கி ரப்பர் காய்ந்துபோய்த் தூசி உள்ளே வருகிறது. புதிதுக்கு 1,100 சொல்கிறார்கள், தீபாவளி ஆர்டருக்கு முன் போட்டுவிட வேண்டும்.