குலசேகரம் சரிவு மனையும் ஆறு பேர் கையாலைக் குழுவும்

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில் எங்கள் வீடு. வீடு மேலே, கிணறு கீழே, நடுவில் 14 சென்ட் செங்குத்தான சரிவு. மாமனார் போனபிறகு யாரும் கத்தி வைக்காததால் கம்யூனிஸ்ட் பச்சைக் களையும் உண்ணிச்செடியும் ஆள் உயரத்துக்கு மூடிவிட்டன. மாமியார் கிணற்றடிக்கு இறங்கி நாலு வருடம் ஆகியிருந்தது.

இதற்கு முன் ஒரு கான்ட்ராக்டர் ஜேசிபியை இறக்கி ஒரு பக்கத்தை மொட்டையடித்து, கீழே சிமென்ட் சுவர் கட்டித் தந்தார். தண்ணீர் கசிய ஒரு ஓட்டைகூட விடவில்லை. ஐப்பசி மழையில் மூன்றாம் நாளே சுவர் வயிறு தள்ளிச் சாய்ந்துவிட்டது. அந்தப் பயம் இருந்ததால்தான் கையாலை, அதாவது சிமென்ட் இல்லாமல் கல் அடுக்கும் தடுப்புச் சுவர், கட்டும் இந்த ஆறு பேர் குழுவைக் கூப்பிடவே எனக்கு முதலில் மனம் வரவில்லை.

முதல் நாள் மேஸ்திரி வெட்டுகத்தியைத் தொடவே இல்லை. கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் நாலு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது போகும் வழியிலேயே மெல்ல இறங்கினார். 2017 ஒக்கிப் புயலில் ரப்பர் மரம் வேரோடு சாய்ந்த பள்ளத்தில் போய்த் தண்ணீர் நின்றது. "அக்கா, முதல்ல இந்தத் தண்ணிக்கு ஒரு வழி பண்ணணும். கையாலை அதுக்கப்புறம்தான்" என்றார். வேலையை இவர்களிடமே கொடுப்பது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ஓரமாகக் கல் பாவிய ஓடை வெட்டினார்கள். பள்ளத்தை மண் போட்டு இடித்து மூடினார்கள். அப்புறம் தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பிடித்து, சரிவைத் தட்டுத்தட்டாகப் பிரிக்கச் சுண்ணாம்புப் பொடியால் நாலு கோடு. கீழ்த்தட்டை முடித்த பிறகுதான் அடுத்த தட்டில் காட்டை வெட்டினார்கள். பலா, அயனி மரங்களைத் தொடவில்லை. "இத வெட்டப்பிடாது, மண்ணப் பிடிச்சிட்டு நிக்கதே இதுதான்."

கையாலை கட்டுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்தே பார்த்தேன். ஒவ்வொரு கருங்கல்லும் சரிவுக்குள் லேசாகச் சாய்ந்து உட்கார வேண்டும். ஆடினால் எடுத்துத் திருப்பி வைப்பார்கள். சந்தில் சில்லு செருகி, பின்னால் ஜல்லி நிரப்புவார்கள். சிமென்ட் கிடையாது, அதனால் தண்ணீர் கல்லிடுக்கு வழியே வெளியேறிவிடும். எந்தக் கையாலையும் நாலடிக்கு மேல் இல்லை.

மாசியில் தொடங்கி 19 நாள் வேலை. கல்லும் கூலியும் சேர்த்து 2,60,000 ரூபாய் ஆனது. லாரி வராததால் கல்லெல்லாம் தலைச்சுமை, செலவில் பெரும்பங்கு அதற்கே. வைகாசிக் கடைசியில், மழை தொடங்கும் நேரம் பார்த்து, சொன்னபடியே திரும்பி வந்து தட்டு விளிம்பில் ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக வெட்டிவேர் நட்டார்கள். அதன் வேர் நேராக 10 அடி வரைகூட இறங்கும்.

குறை என்றால் கிணற்றடிக்கு இறங்க அவர்கள் வைத்த படிதான். ஒவ்வொன்றும் ஒன்பது அங்குல உயரம், வயதானவர்களுக்கு முட்டு வலிக்கும். சொன்னதும் இடையில் கல் வைத்துத் தணித்துக் கொடுத்தார்கள். கைப்பிடிக் கம்பி அவர்கள் வேலையில்லை, வேறு ஆள் வைத்துப் போட்டோம். படி உயரத்தை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்தபோது ராத்திரியே டார்ச் எடுத்துக்கொண்டு இறங்கினேன். கல்லிடுக்கில் தெளிந்த தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, செம்மண் கலங்கல் இல்லை. மறுவாரம் மாமியார் கம்பியைப் பிடித்தபடி கிணற்றடிக்கு இறங்கிப் போய், கீழ்த்தட்டில் இஞ்சி நட ஒரு இடம் பார்த்துவிட்டு வந்தார்.

கூப்பிடுவதாக இருந்தால் தை மாதமே சொல்லிவையுங்கள். சித்திரை தாண்டினால் மண்வேலை எடுக்கமாட்டார்கள்.