‘பேட்டரி புதிது’ என்று சொல்லி என்னிடம் விற்கப்பட்ட கோர்க் எம்1

பழைய கோர்க் எம்1 வொர்க்ஸ்டேஷன், அதாவது ஒலிகளும் பாடல் பதிவு வசதியும் ஒன்றாக அமைந்த மின்னணு இசை விசைப்பலகை, ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், விலை பேசி முடிப்பதற்கு முன் எனக்கு நேர்ந்ததைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். விற்றவர் யார் என்பதை எழுதப்போவதில்லை. அவர் கையாண்ட தந்திரத்தை வேறு யாரும் கையாளலாம் என்பதால் அதை மட்டும் விவரிக்கிறேன்.

விளம்பரத்தில் நான்கு உறுதிகள் இருந்தன: கருவி முழுமையாகப் பழுதுபார்க்கப்பட்டது, உள்ளே இருக்கும் பேட்டரி புதிது, தொழிற்சாலை ஒலிகள் அப்படியே உள்ளன, கூடுதல் ஒலிகளுக்கான விரிவாக்கப் பலகை பொருத்தப்பட்டுள்ளது. நான்கில் ஒன்றுகூட உண்மையில்லை.

1988ஆம் ஆண்டில் வந்த இந்தக் கருவிக்காக இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வாசிப்பவர்களிடையே இதைப் பற்றி ஒரே கருத்து என்றுமே இருந்ததில்லை. எல்லா ஒலிகளுக்கும் சேர்த்தே 4 மெகாபைட் நினைவகம் என்பதால், அதில் அடக்கப்பட்ட பியானோ உண்மையான பியானோவைப் போல ஒலிப்பதில்லை. ஒலியின் கூர்மையைக் குறைக்கும் ஃபில்டரில், குறிப்பிட்ட அதிர்வெண்ணைத் தூக்கிக் காட்டும் ரெசொனன்ஸ் கிடையாது. ஒரே நேரத்தில் 16 குரல்கள் (ஸ்வரங்கள்) மட்டும்தான், அதுவும் இரண்டு ஆஸிலேட்டர் (ஒலிக்கு மூலத்தைத் தரும் பகுதி) கொண்ட ஒலியைத் தேர்ந்தெடுத்தால் எட்டாகச் சுருங்கிவிடும். குறை சொல்பவர்கள் சொல்வது அத்தனையும் சரியே. ஆனால் அந்தப் பியானோவின் கூர்மையான தொடக்கமும், நடன இசையில் பல ஆண்டுகள் ஓங்கி நின்ற அந்த ஆர்கன் ஒலியும் எத்தனை கருவிகள் சேர்ந்து ஒலித்தாலும் அமுங்காமல் தனித்துக் கேட்கும். மென்பொருள் வடிவம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் நான் இந்த 61 விசைகளைத் தேடி அலைந்தது அதற்காகத்தான். விசைப்பலகையின் தொடுஉணர்வும் ஒரு காரணம்.

நான் பார்க்கச் சென்றபோது கருவி ஏற்கனவே இயங்கிக்கொண்டிருந்தது. திரையில் ஒலிகளின் பெயர்கள் ஒழுங்காகத் தெரிந்தன, வாசித்துப் பார்த்தேன், எல்லாம் இனிமையாகவே இருந்தது. பியானோவையும் ஆர்கனையும் விட்டு நகர்ந்தபோதெல்லாம் விற்றவர் பேச்சுக் கொடுத்து என்னை மறுபடியும் அவற்றுக்கே அழைத்து வந்தார் என்பது பிறகுதான் உறைத்தது. பணத்தை எண்ணிக் கொடுத்த பிறகே அவர் மின்இணைப்பைப் பிடுங்கினார்.

வீட்டுக்கு வந்து இயக்கியதும் பேட்டரி குறைவு என்ற எச்சரிக்கை திரையில் தோன்றியது. ஒலிகளின் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற எழுத்துகள் சிதறிக் கிடந்தன. சில ஒலிகள் இரைந்தன, பல ஊமையாயின.

நடந்தது இதுதான். எம்1இல் 100 ப்ரோகிராம்களும் (தனி ஒலிகள்), 100 காம்பினேஷன்களும் (பல ஒலிகளின் சேர்க்கைகள்), வாசிப்பைப் பதிவுசெய்யும் சீக்வென்சரில் பதித்த பாடல்களும், மின்சாரம் இல்லாத நேரத்தில் ஒரு சிறிய லித்தியம் பேட்டரியின் துணையால்தான் நினைவில் நிற்கின்றன. அது செத்துப்போனாலும், கருவி இயங்கிக்கொண்டிருக்கும்வரை ஒரு குறையும் தெரியாது. காலையில் மிடி (இசைக் கருவிகளைக் கணினியோடும் ஒன்றோடொன்றும் இணைக்கும் முறை) வழியாகவோ நினைவக கார்டு வழியாகவோ ஒலிகளை ஏற்றிவிட்டு, வாங்குபவர் வந்து போகும்வரை அணைக்காமல் வைத்திருந்தால் போதும். இழந்த ஒலிகளைத் தானே மீட்டுக்கொள்ளும் வசதியும் இக்கருவிக்குள் இல்லை.

பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் திறந்து பார்த்தோம். 3 வோல்ட் தர வேண்டிய பேட்டரி 1 வோல்ட்டைச் சற்றே தாண்டியிருந்தது. அதன்மேல் படிந்திருந்த தூசியைப் பார்த்தால் அண்மையில் யாரும் அதைத் தொட்டிருக்க வாய்ப்பில்லை. விரிவாக்கப் பலகையும் இல்லை. இதை நான் திறக்காமலே கண்டுபிடித்திருக்கலாம்: சாதாரண எம்1இல் ஆஸிலேட்டருக்கான மல்டிசவுண்ட் (அடிப்படை ஒலிப்பதிவுகள்) பட்டியல் நூறோடு முடிந்துவிடும், என் கருவியிலும் அங்கேயே முடிந்தது. விசையை அழுத்திய பின் மேலும் அழுத்தி ஒலியை மாற்றும் ஆஃப்டர்டச் வசதி அறவே வேலை செய்யவில்லை. பியானோவை வாசிக்கும்போது அந்தக் குறை வெளிப்படாது என்பதை விற்றவர் நன்றாக அறிந்திருக்க வேண்டும். திரையின் பின்விளக்கு மங்கியிருந்ததை மட்டும் நான் குறையாகச் சொல்ல மாட்டேன், இந்த வயதுக் கருவிகளில் அது வழக்கம்.

புதிய பேட்டரி போட்டு, கருவியின் பொது அமைப்புகளுக்கான குளோபல் பகுதியில் நினைவகப் பாதுகாப்பை நீக்கி, கணினியிலிருந்து ஒலிகள் அடங்கிய சிஸ்எக்ஸ் கோப்பை மிடி வழியாக அனுப்பியதும் ஒலிகள் திரும்பிவிட்டன. செலவு பெரிதில்லை. என்னைச் சுட்டது, தெரிந்தே சொல்லப்பட்ட பொய். விற்றவரைத் தொடர்புகொண்டபோது முதலில், எடுத்துச் சென்ற வழியில் குலுங்கியிருக்கும் என்றார். பேட்டரியின் அளவீட்டைச் சொன்னதும், பழைய பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது என்றார். அதன்பிறகு பதிலே இல்லை.

ஆகவே வாங்கப் போகிறவர்கள், நீங்கள் சென்று சேரும்போது கருவி அணைக்கப்பட்டு, மின்இணைப்பும் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இயங்கிக்கொண்டிருந்தால் வெட்கப்படாமல் அணைக்கச் சொல்லி, கால்மணி நேரமாவது பொறுத்து மறுபடி இயக்குங்கள். பிறகு ஒவ்வொரு விசையையும் மெதுவாகவும் வேகமாகவும் அழுத்திப் பாருங்கள். விசைகளுக்கு அடியில் உள்ள ரப்பர் மின்தொடர்புகளில் அழுக்குச் சேர்ந்திருந்தால் சில விசைகள் எப்படி அழுத்தினாலும் உரக்கவே ஒலிக்கும். ஸ்ட்ரிங்ஸ் (வயலின் போன்ற தந்திக் கருவிகள்) அல்லது ட்ரம்பெட் போன்ற பித்தளை ஊதுகருவிகளின் ஒலியை எடுத்து, விசையைக் கீழே வைத்தபடி மேலும் அழுத்தி, ஒலி மாறுகிறதா என்று கேளுங்கள்.

சென்ற வாரம் அதே நபர் இன்னொரு எம்1ஐ விற்க விளம்பரம் செய்திருந்தார், அதே நான்கு உறுதிகளோடு. ஓர் இரவு முழுவதும் அணைத்து வைத்துவிட்டு, காலையில் இயக்குவதைக் காணொளியாக அனுப்ப முடியுமா என்று என் நண்பரை விட்டுக் கேட்கச் செய்தேன். செய்தியை விற்பவர் படித்துவிட்டது தெரிகிறது. பதில் வரவில்லை, விளம்பரம் இன்னும் இருக்கிறது.