ஹீட் ப்ரொடெக்டன்ட் ஸ்ப்ரே: மூன்று மாத அனுபவம்

முடியை நேராக்கும் ஸ்ட்ரெய்ட்னரின் சூடு முடியைக் கெடுக்காமலிருக்க முன்கூட்டியே அடிக்கும் ஸ்ப்ரே இது. நாகர்கோவில் செட்டிகுளத்தில் 350 ரூபாய்க்கு வாங்கினேன். அதற்கு முன், தங்கச்சி கல்யாணத்தன்று எண்ணெய்த் தலையிலேயே ஸ்ட்ரெய்ட்னர் வைத்து நுனி முடியைப் பொசுக்கிக்கொண்டேன். தேங்காய் எண்ணெய் தலை அலசும்போது முடியின் புரதம் போவதைக் குறைக்கும். ஸ்ட்ரெய்ட்னர் சூட்டுக்கு அதை நம்பக் கூடாது.

இந்த ஸ்ப்ரேயில் இருக்கும் சிலிக்கோன் முடிமேல் மெல்லிய படலமாகப் படிந்து, சூடு மெதுவாக, சீராக இறங்க உதவுகிறது. முழுப் பாதுகாப்பு கிடையாது. நான் 170 டிகிரிக்கு மேல் போவதில்லை, ஒரே இடத்தில் இரண்டு முறைக்கு மேல் இழுப்பதுமில்லை.

அடித்த உடனே சூடு வைக்கலாமா என்று சித்தி மகள் கேட்டாள். கூடவே கூடாது. முடிக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிக் குமிழ் விடும், முடி அங்கேயே ஒடியும். நன்றாக உலரட்டும், அப்புறம் வையுங்கள்.

நுனி உடைவது எனக்கு நிஜமாகவே குறைந்திருக்கிறது. மணம் லேசானது, பிசுபிசுப்பு இல்லை. ஆனால் ஆடிச் சாரலில் மார்த்தாண்டம் பஸ் ஏறி இறங்கினால் முடி பழையபடி சுருண்டுவிடுகிறது. மூடியும் லூஸ், பைக்குள் ஒருமுறை கொட்டிவிட்டது.