திங்க்பேட் பி16, இசட்புக் ஃபியூரி, பிரிசிஷன் 7680: ஒரு கட்டமைப்புப் பொறியியல் அலுவலகத்தின் தேர்வு

பெங்களூரு அல்சூரில் ஐந்து பேர் வேலை செய்யும் எங்கள் கட்டமைப்புப் பொறியியல் அலுவலகத்தில், மூன்று கணினிகளை ஒரே சமயத்தில் மாற்ற வேண்டிய நிலை வந்தது. ரெவிட் மென்பொருளில் கட்டட மாதிரி வரைவதும், ஈடாப்ஸிலும் ஸ்டாட் புரோவிலும் பகுப்பாய்வு செய்வதும், ஓசூர், ஒயிட்ஃபீல்டு தளங்களில் எடுத்த லேசர் ஸ்கேனின் பாயிண்ட் கிளவுடை (இடத்தின் வடிவத்தைக் காட்டும் புள்ளித் திரளை) மாதிரியோடு பொருத்திப் பார்ப்பதும்தான் எங்கள் அன்றாட வேலை. மேசைக் கணினி வாங்கினால் இதே பணத்தில் கூடுதல் வலு கிடைக்கும் என்பதை நாங்கள் அறிவோம். ஆனால் வாரத்தில் இரண்டு நாளாவது தளத்தில் நின்று, ஒப்பந்ததாரர் முன்னால் மாதிரியைத் திறந்து, கம்பி நெருக்கத்தைக் காட்டிப் பேச வேண்டியிருப்பதால் மடிக்கணினி என்ற முடிவில் மாற்றம் இருக்கவில்லை.

ஒப்பிட எடுத்துக்கொண்டவை லெனோவோவின் திங்க்பேட் பி16 ஜென் 2, எச்பியின் இசட்புக் ஃபியூரி 16 ஜி10, டெல்லின் பிரிசிஷன் 7680 ஆகிய மூன்று. மூன்றும் 2023இல் வந்தவை. மூன்றிலும் இன்டெல்லின் 13ஆம் தலைமுறை எச்எக்ஸ் செயலியும் என்விடியாவின் ஏடா வரிசை கிராபிக்ஸும் உள்ளன. புதிய தலைமுறை வந்துவிட்ட பிறகு இவற்றைப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த நகரத்தின் பெரிய நிறுவனங்கள் கணினிகளைப் பெரும்பாலும் மூன்றாண்டுக் குத்தகைக்கு எடுக்கின்றன. குத்தகை முடிந்து வெளியே வரும் இயந்திரங்கள், சிறிய அலுவலகங்களுக்கு எட்டும் விலையில், பெங்களூரின் கணினிக் கடைத்தெருவான எஸ்.பி. ரோடு வரை வந்து சேர்கின்றன. டெல் 2025 ஜனவரியில் பிரிசிஷன் என்ற பெயரையே கைவிட்டு, அந்த வரிசையை டெல் புரோ மேக்ஸ் என்று மாற்றிவிட்டது; ஆகவே சந்தையில் 7680 என்று தேடுகிறவர் பெரும்பாலும் கைமாறிய இயந்திரத்தைத்தான் பார்ப்பார்.

இந்த மூன்றுக்குள் போவதற்கு முன் இரண்டு மாற்று வழிகளைப் பரிசீலித்தோம். மேக்புக் புரோவின் திரையும் பேட்டரியும் எங்களில் இருவருக்கு மிகவும் பிடித்தவை; ஆனால் ரெவிட், ஈடாப்ஸ், ஸ்டாட் மூன்றும் விண்டோஸில் மட்டுமே ஓடுபவை என்பதால் அந்தப் பேச்சு விரைவில் முடிந்தது. கேமிங் மடிக்கணினி அப்படி எளிதில் ஒதுக்கத் தக்கதல்ல. ஆர்டிஎக்ஸ் 5000 ஏடாவும் கேமிங் கணினியில் வரும் ஆர்டிஎக்ஸ் 4090உம் மடிக்கணினி வடிவில் ஒரே சில்லின் இரண்டு பெயர்கள்தாம்; இரண்டிலும் 9,728 கூடா கோர்கள் (கணக்கிடும் சிறு அலகுகள்), 16 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம். வேறுபாடு அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருளிலும், மென்பொருள் நிறுவனங்கள் தரும் சான்றிதழிலும், சாலிட்வொர்க்ஸ் வடிவமைப்பு மென்பொருளின் ரியல்வியூ என்ற மெய்த்தோற்றக் காட்சி போன்ற வசதிகள் சான்று பெற்ற தொழில்முறை அட்டைகளுக்கே அதிகாரபூர்வமாகத் தரப்படுவதிலும் இருக்கிறது. ரெவிட்டும் ஈடாப்ஸும் மட்டுமே ஓட்டுகிறவருக்கு அந்தச் சான்றிதழுக்காக மட்டும் கூடுதல் பணம் தரத் தேவையில்லை என்பது என் கருத்து. எங்களை ஒர்க்ஸ்டேஷன் (இந்த மூன்றைப் போன்ற தொழில்முறைக் கணினி) பக்கம் இழுத்தவை வேறு இரண்டு: பெரும்பாலான கேமிங் இயந்திரங்களில் இரண்டே நினைவக ஸ்லாட்டுகள் இருப்பது, தளத்துக்கே பொறியாளர் வந்து பழுது பார்க்கும் உத்தரவாதம் ஒர்க்ஸ்டேஷன்களுக்கு எளிதாகக் கிடைப்பது.

கிராபிக்ஸ் அட்டையைப் பொறுத்தவரை, மூன்று நிறுவனங்களும் ஆர்டிஎக்ஸ் 2000 ஏடாவிலிருந்து 5000 ஏடா வரை தந்தன. இவற்றில் கோர்களின் எண்ணிக்கையைவிட முதலில் பார்க்க வேண்டியது நினைவக அளவு: 2000க்கு 8 ஜிபி, 3500க்கும் 4000க்கும் 12 ஜிபி, 5000க்கு 16 ஜிபி. கட்டமைப்புப் பகுப்பாய்வு ஏறத்தாழ முழுவதும் செயலியிலும் நினைவகத்திலும் நடப்பது. ஈடாப்ஸ் ஒரு கோபுரக் கட்டடத்தை நிலநடுக்கத்துக்குக் கணக்கிடும்போது கிராபிக்ஸ் அட்டை சும்மா இருக்கும். ஆகவே பகுப்பாய்வு மட்டும் செய்கிறவருக்கு 2000 ஏடா போதும். பாயிண்ட் கிளவுடோடும் காட்சிப் படங்களோடும் உழைக்கிறவருக்கு 12 ஜிபிக்குக் கீழே போகக் கூடாது. இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரே பெயருள்ள சில்லை எத்தனை வாட்டில் ஓட்டுவது என்பது கணினி தயாரிப்பவரின் முடிவு. 2000 ஏடாவுக்கு என்விடியா தரும் வரம்பே 35 முதல் 140 வாட் வரை நீள்கிறது. மெல்லிய உடலில் 35 வாட்டில் ஓடும் அட்டையும் தடித்த உடலில் மூன்று மடங்குக்கு மேல் மின்சாரம் வாங்கும் அட்டையும் விலைப்பட்டியலில் ஒரே பெயரோடு நிற்கும். அந்த வாட் அளவைக் கேட்டு எழுதி வாங்காமல் இரண்டு விலைப்பட்டியல்களை ஒப்பிடுவதில் பொருளில்லை.

நினைவகத்தில்தான் மூன்று இயந்திரங்களும் உண்மையாகப் பிரிகின்றன. பழைய கணினியில் 32 ஜிபி இருந்தது. ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றின் ஸ்கேனை மாதிரிக்குள் இணைத்த அன்று, ரெவிட்டும் ஸ்கேன் மென்பொருளும் சேர்ந்து நினைவகத்தை நிரப்பிவிட, கணினி எஸ்எஸ்டி சேமிப்பகத்தை நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கியது. ஒரு வெட்டுத் தோற்றம் திறப்பதற்குள் வாடிக்கையாளர் தேநீர் குடித்து முடித்துவிட்டார். ரெவிட் பயன்படுத்துவோர் நெடுங்காலமாகச் சொல்லும் கணக்கு, கோப்பின் அளவைப் போல் இருபது மடங்கு நினைவகம் வேண்டும் என்பது. 1 ஜிபி கோப்புக்கு 20 ஜிபி. அதன் மேல் இணைத்த மாதிரிகள், ஸ்கேன், பிரௌசர் என்று சேரும்போது 64 ஜிபி ஆடம்பரம் அல்ல என்பது விளங்கும்.

பி16இலும் ஃபியூரியிலும் வழக்கமான சோடிம் வகைச் சிறு நினைவகப் பலகைகளைச் செருகும் ஸ்லாட்டுகள் நான்கு உள்ளன. டெல், 2022இல் வந்த 7670 முதல், கேம் (CAMM) என்ற ஒற்றைத் தட்டை நினைவகப் பலகையைக் கொண்டுவந்தது. 7680இலும் அதுவே தொடர்கிறது. கேமின் நன்மை மறுக்க முடியாதது: ஒரே பலகை நினைவகத்தின் இரண்டு சேனல்களையும் (தரவு வழிகளையும்) நிரப்புகிறது, மின்தடங்கள் குறுகியவை, உயரமும் குறைவு. இந்த யோசனையிலிருந்து கிளைத்த கேம்2 என்ற பொதுத் தரத்தை 2023 டிசம்பரில், நினைவகத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு வெளியிட்டது. இருந்தும் ஒரு சிறிய அலுவலகத்தின் பார்வையில் எனக்கு அது தயக்கம் தருகிறது. சோடிம் நினைவகம் பழுதானால் அல்சூரிலிருந்து எஸ்.பி. ரோட்டுக்குப் போய் மதியத்துக்குள் வேறொன்று வாங்கி வந்துவிடலாம். கேம் பலகைக்குப் பகுதி எண்ணைப் பார்த்து, தயாரிப்பாளரின் வழியாகவே கேட்டுக் காத்திருக்க வேண்டும். உத்தரவாதம் முழுதாக உள்ள புதிய இயந்திரத்தில் இது பெரிய குறையல்ல. கைமாறி வந்த இயந்திரத்தில் பெரிய குறைதான்.

நான்கு ஸ்லாட் இயந்திரங்களிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நான்கையும் நிரப்பினால் டிடிஆர்5 நினைவகத்தின் வேகம் தெளிவாகக் குறையும். எனவே 64 ஜிபி வேண்டுமென்றால் நான்கு 16 ஜிபி அல்ல, இரண்டு 32 ஜிபி என்று கேட்டு வாங்க வேண்டும். இரண்டு ஸ்லாட்டுகள் அடிமூடிக்குள்ளும் இரண்டு விசைப்பலகைக்கு அடியிலும் இருப்பது இவ்வகைக் கணினிகளில் வழக்கம் என்பதால், எந்த ஸ்லாட்டுகள் நிரம்பியிருக்கின்றன என்றும் கேட்டுக்கொள்வது நல்லது. குறைந்த நினைவகத்தோடு வாங்கிப் பிறகு வெளியில் சேர்த்துக்கொள் என்பது பல ஆண்டுகளாக நாங்கள் பின்பற்றிய வழி. 2025இன் இறுதியில் ஏஐ தரவு மையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறிய பிறகு அந்த வழி பயன் தரவில்லை. ஏற்கெனவே 64 ஜிபி பொருத்தப்பட்டு வரும் குத்தகை இயந்திரத்தின் மதிப்பு அதனாலேயே கூடிவிட்டது.

செயலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐ7-13850எச்எக்ஸுக்கு 20 கோர்கள், ஐ9-13950எச்எக்ஸுக்கு 24. ரெவிட்டின் பெரும்பாலான வேலை ஒரே கோரின் வேகத்தை நம்பியிருப்பதால், ஐ9க்குத் தரும் கூடுதல் பணம் எங்களுக்குத் திரும்பி வராது. அந்தப் பணத்தை இரண்டாவது எஸ்எஸ்டியில் போட்டு, ஈடாப்ஸின் பகுப்பாய்வுக் கோப்புகளை அதில் வைப்பதுதான் நல்லது. பி16இல் இரண்டு எஸ்எஸ்டி இடங்கள். மற்ற இரண்டிலும் அதைவிடக் கூடுதல் இடம் உண்டு.

திரை மூன்றிலும் 16 அங்குலம், 16:10 விகிதம். 3840க்கு 2400 புள்ளிகள் கொண்ட திரையில் பழைய பொறியியல் மென்பொருள்களின் ஐகான்கள் எறும்பளவாகச் சுருங்கிவிடுகின்றன. கருவிப்பட்டை நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிற்கும் எங்கள் வேலைக்கு ஓஎல்இடி திரையையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் அசையாத உருவங்கள் காலப்போக்கில் அதில் தடம் பதிக்கும். நிறத் துல்லியம் உயிரான வீடியோ, அச்சு வேலைக்காரர்களுக்கு எச்பியின் டிரீம்கலர் திரை இந்த மூன்றில் முதல் இடம் பெறும். எங்களுக்கு அதைவிட முக்கியமானது எண் விசைப்பகுதி. ஆயிரக்கணக்கான சுமை மதிப்புகளையும் ஆயத்தொலைவுகளையும் தட்டுகிறவருக்கு அது இல்லாத கணினி தண்டனை. இந்த மூன்றிலும் அது இருக்கிறது. பி16இன் விசைப்பலகை நடுவே உள்ள டிராக்பாயிண்ட் குமிழுக்குக் கீழே நடுப் பொத்தான் இருப்பதால், மவுஸ் வைக்க இடமில்லாத தளத்திலும் மாதிரியைச் சுழற்ற முடிகிறது. தனியாகச் சொல்லத் தக்க வசதி இது.

எடையில் ஃபியூரி சுமார் 2.4 கிலோவிலும், 7680 சுமார் 2.6 கிலோவிலும், பி16 சுமார் 2.95 கிலோவிலும் தொடங்குகின்றன. ஹலசூரு (அல்சூர்) நிலையத்தில் மெட்ரோ ஏறி ஒயிட்ஃபீல்டு வரை நின்றுகொண்டே போகிறவர் அரைக் கிலோவின் அருமையைத் தோளில் உணர்வார். 230 வாட் சார்ஜரே ஒரு செங்கல் போன்றது. பேட்டரியின் அதிகபட்ச அளவு மூன்றிலும் 93 முதல் 95 வாட்-மணி வரைதான். விமானத்தில் அனுமதி கேட்காமல் எடுத்துச் செல்லக்கூடிய எல்லை 100 வாட்-மணி என்பதே இந்த ஒற்றுமைக்குக் காரணம். இவ்வளவு பசியுள்ள செயலியும் கிராபிக்ஸும் முழு வேகத்தில் ஓடினால் அந்தப் பேட்டரி வெகுநேரம் தாங்காது. தளத்தில் வரைபடம் பார்க்க 100 வாட் டைப்-சி சார்ஜர் போதும், கனமான கணக்கை அலுவலகத்தில் முடித்துக்கொண்டு போ என்பதே எங்கள் நடைமுறை.

விலைப் பக்கத்தில் ஒரு கவனம். புதிய கணினிக்குச் செலுத்தும் 18 சதவீத ஜிஎஸ்டியை, பதிவு பெற்ற அலுவலகம் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பழைய பொருள் வியாபாரி லாப விளிம்புக்கு மட்டும் வரி கட்டும் முறையில் விற்றால் வாங்குபவருக்கு அந்த வரவு கிடையாது. ஆகவே இரண்டு விலைகளையும் வரி நீக்கிய பிறகே ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்ததில் எங்களுக்குத் தோன்றிய விலை இடைவெளி சற்றுச் சுருங்கியது, ஆனால் மறையவில்லை.

கடைசியில் பகுப்பாய்வு செய்யும் இருவருக்கும் 2000 ஏடாவும் 64 ஜிபியும் உள்ள பி16ஐ, குத்தகை முடிந்து வந்தவற்றிலிருந்து எடுத்தோம். அவர்கள் மேசையை விட்டு நகர்வது குறைவு. எடை பொருட்டல்ல, பழுது நீக்கும் எளிமையே பொருட்டு. தளங்களுக்கு அலைகிற, ஸ்கேன்களைக் கையாளுகிற மூன்றாமவருக்கு 3500 ஏடா உள்ள ஃபியூரியை, மூன்றாண்டு நேரடிச் சேவை உத்தரவாதம் தருவதாகச் சொன்ன விற்பனையாளரிடம், பயன்படுத்தப்படாத இருப்பிலிருந்து வாங்கினோம். ஓசூர் முகவரியின் அஞ்சல் குறியீட்டுக்கும் அந்தச் சேவை உண்டா என்று எழுத்தில் கேட்டுப் பெற்ற பிறகே பணம் கட்டினோம். உத்தரவாதம் இரண்டாண்டு மிச்சமிருந்த ஒரு 7680 கிடைத்திருந்தால், ஃபியூரியின் இடத்தில் அதை வாங்கத் தயங்கியிருக்க மாட்டேன்.

வந்த அன்றே செய்த அமைப்புகள் சில. பேட்டரி 80 சதவீதத்தோடு நிற்குமாறு பி16இல் வேன்டேஜ் மென்பொருளிலும் ஃபியூரியில் பயாஸ் என்ற கணினியின் அடிப்படை அமைப்பிலும் வரம்பு வைத்தோம். ரெவிட்டும் ஸ்கேன் மென்பொருளும் செயலிக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குப் போய்விடாமல், என்விடியா அட்டையிலேயே ஓடுமாறு விண்டோஸ் அமைப்பில் தனித்தனியாகக் குறித்தோம். டிரைவரில் புதிதாக வந்ததைத் தேடாமல், ரெவிட்டின் எங்கள் பதிப்புக்குச் சான்று பெற்றதையே வைத்துக்கொண்டோம்.

குத்தகை இயந்திரம் வாங்க நினைப்பவர் கடையிலேயே ஒரு சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். பயாஸில் நுழைந்து, மேற்பார்வைக் கடவுச்சொல் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு, விண்டோஸை முழுவதும் அழித்து மீண்டும் நிறுவச் சொல்லி, முதல் திரையிலேயே உங்கள் கைபேசி ஹாட்ஸ்பாட்டோடு இணையுங்கள். பழைய நிறுவனம் அந்தக் கணினியை ஆட்டோபைலட் (நிறுவனக் கணினிகளை இணையம் வழியாக அமைக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) பதிவிலிருந்து நீக்காமல் விட்டிருந்தால், அந்த நிறுவனத்தின் பெயரோடு அலுவலக மின்னஞ்சல் கேட்கும் பக்கம் வந்து நிற்கும். இணையம் இல்லாமல் நிறுவிக் காட்டினால் இது தெரியவே தெரியாது. நாங்கள் பார்த்த முதல் பி16 அப்படித்தான் நின்றது. அதை மேசையிலேயே வைத்துவிட்டு அடுத்ததைத் திறக்கச் சொன்னோம்.